புதுப் பூங்காவுக்குப் பெயர் எங்கிருந்து வர வேண்டும்?

தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் நிலத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதம் இப்படிப் போகும். அலுவலகக் கோப்பில் இதற்கு 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்று பெயர். சில வருடம் கழித்து மாநகராட்சி அங்கே நடைபாதை போட்டு, ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்து, கம்பி வேலி கட்டித் திறக்கிறது. வாசல் பலகையிலும் பல சமயம் அந்தக் கோப்புப் பெயரே ஏறிவிடுகிறது: ஓ.எஸ்.ஆர். பூங்கா, இத்தனாவது குறுக்குத் தெரு.

மக்கள் எந்த இடத்தையும் பெயரில்லாமல் விட்டுவைப்பதில்லை. கொஞ்ச நாளிலேயே அது 'தண்ணி டேங்க் பார்க்' ஆகிவிடும், இல்லையென்றால் 'ஈ.பி. ஆபீஸ் பார்க்'. பிறகு ஏதோ ஒரு வருடம் ஒரு தலைவரின் நூற்றாண்டு வரும். தீர்மானம் போட்டு அவர் பெயரைச் சூட்டுவார்கள். பலகையில் ஒரு பெயரும் வாயில் இன்னொரு பெயருமாக அந்தப் பூங்கா காலம் தள்ளும். நடக்க வருகிறவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் அந்தத் தலைவருக்கு மரியாதை செய்ததாக ஆகிறதா? அந்த நிலத்தின் கதை யாருக்காவது போய்ச் சேர்கிறதா? இரண்டும் இல்லை. பெயர் வைப்பதைக் கடைசி நேர வேலையாக நினைப்பதுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். மரம் நடுவதற்குத் திட்டம் போடும்போதே பெயருக்கும் போட வேண்டும்.

பெயரை முடிவு செய்கிறவர்கள்

மாநகராட்சிப் பூங்கா என்றால் வார்டு உறுப்பினரோ மேயரோ முன்மொழிந்து மாமன்றம் தீர்மானமாக நிறைவேற்றுவது வழக்கம். அரசுத் துறைகள் அமைக்கும் பெரிய பூங்காக்களுக்குப் பெயர் கோட்டையிலிருந்தே வரும். சென்னை கதீட்ரல் சாலையில், முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா அப்படிப்பட்டது. தமிழுக்குச் செம்மொழித் தகுதி 2004-இல் கிடைத்தது, கோவையில் செம்மொழி மாநாடு 2010 ஜூனில் நடந்தது. அதே ஆண்டில் திறந்த பூங்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் வியப்பில்லை.

பொதுமக்களுக்கு இதில் என்ன இடம்? தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்தின் ஒரு சிறு பகுதிக்குப் பகுதி சபை அப்படி. குப்பை, தெருவிளக்கு, சாக்கடை என்று பேசுகிற அந்த இடத்திலேயே 'நம்ம தெருமுனையில் வரப்போகிற பூங்காவுக்கு என்ன பெயர்?' என்றும் கேட்கலாம். வேலை தொடங்கும்போது கேட்டால் பதில் சொல்வார்கள். கல்வெட்டு செதுக்கியபிறகு கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

முதலில் நிலத்தைக் கேளுங்கள்

தமிழர்கள் ஊருக்குப் பெயர் வைத்த முறையைப் பாருங்கள். புளியங்குடி, ஆலங்குடி, பனையூர், வேப்பம்பட்டு என்று மரத்தைப் பார்த்து வைத்தார்கள். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று நீர்நிலையைப் பார்த்து வைத்தார்கள். அங்கே என்ன இருந்ததோ அதுவே பெயர். அதனால்தான் மரம் போனபிறகும் பெயர் நமக்குச் சேதி சொல்கிறது.

சென்னை தி.நகரும் மேற்கு மாம்பலமும் இதற்கு நல்ல பாடம். மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்துப் பகுதியும் பின்னால் தூர்ந்தது. இன்று அங்கே ஏரி இல்லை. ஆனால் நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது, டேங்க் பண்டு சாலை இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏன் அங்கே வந்து நிற்கிறது என்பதற்கு இந்தப் பெயர்களே பதில். அந்தப் பெயர்களையும் மாற்றியிருந்தால் அங்கே ஏரி இருந்ததை நாம் நூலகத்தில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே புதுப் பூங்காவுக்குப் பெயர் தேடும் குழு முதலில் செல்ல வேண்டிய இடம் வட்டாட்சியர் அலுவலகம். பழைய நில அளவைப் பதிவேட்டில் அந்தப் புல எண் என்னவாக இருந்தது? ஏரி உள்வாயா, தாங்கலா, ஓடைப் புறம்போக்கா, களமா, மந்தைவெளியா, தோப்பா? அடுத்து, அந்த இடத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்களிடம் கேட்க வேண்டும். மாடு மேய்த்த இடத்துக்கும் துணி வெளுத்த துறைக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். மூன்றாவதாக, நிற்கிற மரங்களைப் பார்க்க வேண்டும். பூங்காவுக்காக வெட்டாமல் விட்ட பெரிய மரம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'நாவல்மரப் பூங்கா' என்ற பெயருக்குத் தனியாக விளக்கவுரை தேவையில்லை. அப்படிப் பெயர் வைத்தபிறகு அந்த மரத்தில் யாரும் சட்டென்று கைவைக்கவும் மாட்டார்கள்.

தில்லியில் இதற்கு அழகான சான்று உண்டு. 1936-இல் திறந்தபோது அந்தப் பூங்காவின் பெயர் லேடி வில்லிங்டன் பூங்கா, வைஸ்ராயின் மனைவி பெயர். 1947-இல் அதை லோதி தோட்டம் என்று மாற்றினார்கள். சையது, லோதி அரசர்களின் கல்லறை மண்டபங்கள் அங்கே நூற்றாண்டுகளாக நிற்கின்றன. பூங்காவுக்குள் நடக்கிறவரின் கண்ணெதிரே பெயருக்கான காரணம் நிற்கிறது. இன்று பழைய பெயரைச் சொல்கிறவரே இல்லை.

ஆள் பெயர் வைப்பதென்றால்

ஆள் பெயரே கூடாது என்பது என் கட்சி இல்லை. ஒருவர் பெயரைப் பொது இடத்துக்கு வைப்பது நன்றி சொல்லும் முறை, அது வேண்டும். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: இவருக்கும் இந்த மண்ணுக்கும் என்ன உறவு?

கோவையில் வ.உ.சி. பூங்கா இருக்கிறது. சுதேசிக் கப்பல் விட்ட சிதம்பரனார் 1908-இலிருந்து 1910 வரை கோவை மத்திய சிறையில் இருந்தார், அங்கேதான் செக்கிழுத்தார். அந்தச் செக்கை இன்றும் கோவைச் சிறையில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடிக்காரர் பெயர் கோவைப் பூங்காவுக்கு எப்படி வந்தது என்று ஒரு குழந்தை கேட்டால், பெற்றோர் கொஞ்ச தூரம் கைகாட்டியே கதை சொல்லிவிடலாம். இந்த அளவுக்குப் பொருந்தும் பெயர் எல்லா ஊருக்கும் வாய்க்காது.

வட சென்னையில் ஆளுநராக இருந்த ராபின்சன் பெயரில் ஒரு பூங்கா இருந்தது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் அங்கேதான் நடந்தது. பின்னாளில் அது அறிஞர் அண்ணா பூங்கா ஆனது. அரசியல் உடன்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

மயிலாப்பூர் லஸ் பக்கம் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவும் அப்படியே. அமிர்தாஞ்சன் தைலத்தைக் கொண்டுவந்தவரும் ஆந்திர பத்திரிகையைத் தொடங்கியவருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் மயிலாப்பூரில் வாழ்ந்தவர். ஆந்திரத் தலைவர் ஒருவரின் பெயர் மயிலாப்பூர் நடுவில் இருப்பது, சென்னை எத்தனை மொழிக்காரர்களின் ஊராக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் விடுபட்டவர்களும் தெரிவார்கள். அடையாறில் நாளை ஒரு பூங்கா வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அவ்வை இல்லத்தையும் புற்றுநோய் மருத்துவமனையையும் அங்கே நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தாண்டி வேறொரு பெயரைத் தேடிப்போக வேண்டுமா? பூங்காக்களுக்கு நாம் சூட்டிய பெயர்களில் பெண்கள் பெயர் எவ்வளவு அரிது என்பது, தங்கள் ஊர்ப் பூங்காக்களை விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறவர்களுக்கே விளங்கும். பட்டியல் தயாரிக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும், இறுதி நாளில் நினைவுக்கு வந்து பயனில்லை.

காத்திருப்பு எதற்கு?

அமெரிக்காவில் இடப்பெயர்களுக்கான தேசிய வாரியம், ஒருவர் இறந்து ஐந்து ஆண்டு ஆகும்வரை அவர் பெயரை மலைக்கோ ஆற்றுக்கோ வைக்க ஒப்புவதில்லை. சியாட்டில் நகரத்தின் பூங்கா விதியில் இது மூன்று ஆண்டு. இறந்தவுடன் இருக்கும் துக்கம் உண்மையானது. ஆனால் துக்கத்தில் எடுக்கும் முடிவு பல தலைமுறைக்கான முடிவாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் ஆறவிட்டால், அந்தப் பெயர் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதும் தெளியும்.

சியாட்டிலிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. ஏரிக்கரையில் மூடிக்கிடந்த எரிவாயு ஆலையின் நிலத்தை அந்த நகரம் பூங்காவுக்காக வாங்கியது. அதற்காகப் பாடுபட்ட நகரமன்ற உறுப்பினர் மர்ட்டில் எட்வர்ட்ஸ் 1969-இல் கார் விபத்தில் இறந்தார். வரப்போகும் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிறகு வடிவமைப்பாளர் துருப்பிடித்த ஆலைக் கோபுரங்களை இடிக்காமல் அப்படியே நிறுத்தத் திட்டம் போட்டார். எட்வர்ட்ஸ் குடும்பத்துக்கு அது பிடிக்கவில்லை. 1972-இல் அவர் பெயரை நீக்கச் சொல்லிவிட்டார்கள். 1975-இல் பூங்கா திறந்தபோது அதன் பெயர் கேஸ் ஒர்க்ஸ் பூங்கா, அதாவது எரிவாயு ஆலைப் பூங்கா. மறு ஆண்டு, கடற்கரையோரம் இருந்த வேறொரு பூங்காவுக்கு எட்வர்ட்ஸ் பெயரைச் சூட்டினார்கள். முடிவில் எல்லாம் சரியாகத்தான் அமைந்தது. ஆலை நிற்கிற இடத்துக்கு ஆலையின் பெயர், மரியாதைக்குரியவருக்குக் குடும்பம் மனமொப்பிய இடம். ஒருவர் பெயரை வைப்பதற்கு முன் குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்பதும், பூங்கா எப்படி இருக்கப்போகிறது என்று தெரியாமல் பெயர் அறிவிக்கக் கூடாது என்பதும் இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை அறிவு.

காத்திருப்பு விதிக்கு எதிராகவும் ஒரு வாதம் இருக்கிறது, தி.நகரே அதற்குச் சான்று. தியாகராயர், பனகல் அரசர், நடேசனார் என்று நீதிக்கட்சியின் முன்னோடிகள் பெயர்கள் அந்தப் பகுதி முழுக்க இருக்கின்றன. பனகல் பூங்கா, நடேசன் பூங்கா இரண்டும் அந்த வரிசையில் வந்தவை. அவர்கள் காலத்தை ஒட்டியே நகரமும் உருவானது, பெயர்களும் நிலைத்துவிட்டன. ஆனால் பனகல் பூங்கா பேருந்து நிறுத்தத்தில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பனகல், 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் என்று தெரியும்? பெயர் தங்கியது, ஆள் தங்கவில்லை. அதற்கு மருந்து என்ன என்று பிறகு சொல்கிறேன்.

1927-இல் இரண்டு நகரங்கள்

இருக்கிற பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஆண்டில் நடந்த இரண்டு பெயர்மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெங்களூரில் 1870-இல் அமைத்த பூங்காவுக்கு முதலில் மீட் என்ற ஆணையரின் பெயர், பிறகு கப்பன் என்ற ஆணையரின் பெயர். மகாராஜாவின் ஆட்சி வெள்ளிவிழாவை ஒட்டி 1927-இல் அதை ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா என்று அரசாணையாகவே மாற்றினார்கள். நூறு ஆண்டு ஆகப்போகிறது. இன்றும் ஆட்டோக்காரரிடம் கப்பன் பார்க் என்றால்தான் போய்ச் சேருவீர்கள், மெட்ரோ நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான்.

பம்பாயில் 1925-இல் மாகிம் பூங்கா என்று திறந்த மைதானத்தை 1927-இல் சிவாஜி பூங்கா என்று மாற்றினார்கள். மாநகராட்சி உறுப்பினர் அவந்திகாபாய் கோகலே அதற்காக முயன்றவர். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று மாகிம் பூங்கா என்றால் யாருக்கும் தெரியாது.

ஏன் இந்த வேறுபாடு? என் கணிப்பு இது. பம்பாயில் பழைய பெயருக்கு இரண்டு வயதுதான், அது யார் நாவிலும் ஊறவில்லை. பெங்களூரில் பழைய பெயர் ஒரு தலைமுறை பேசிப் பேசித் தேய்த்த பெயர். பம்பாயில் கோரிக்கை மாநகராட்சி மன்றத்தில் எழுந்தது, பெங்களூரில் அரண்மனையிலிருந்து இறங்கியது. 'சிவாஜி பார்க்' சொல்லச் சின்னது, 'ஸ்ரீ சாமராஜேந்திர' அப்படியில்லை. பெயர் மாற்றியே தீர வேண்டுமென்றால் சீக்கிரம் மாற்ற வேண்டும், சுருக்கமாக மாற்ற வேண்டும், அங்கே நடமாடுகிறவர்கள் விரும்பி மாற்ற வேண்டும்.

சுருக்கெழுத்து என்னும் அபாயம்

நீளமான பெயர் நம் ஊரில் தப்பிப் பிழைப்பதில்லை, ஆங்கில எழுத்துகளாக உடைந்துவிடும். தியாகராய நகர் டி.நகர் ஆனது, ராஜா அண்ணாமலைபுரம் ஆர்.ஏ.புரம் ஆனது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது வியாசர்பாடி பக்கத்து எம்.கே.பி. நகர். அது மகாகவி பாரதி நகர். தமிழுக்கு அவ்வளவு செய்த ஒருவரின் பெயர் பேருந்துப் பலகையில் மூன்று ஆங்கில எழுத்தாகக் கிடக்கிறது. அடைமொழி சேர்க்காமல் 'பாரதி நகர்' என்று மட்டும் வைத்திருந்தால் வாய் அதை உடைத்திருக்காது.

பூங்காவுக்கும் இதே கணக்குதான். அடைமொழி, பட்டம், 'நினைவு', 'நூற்றாண்டு', 'பொன்விழா' எல்லாம் பெயரின் மேல் ஏற ஏற அது சீக்கிரம் உடையும். தி.நகரில் இருப்பது ஜீவா பூங்கா. ப. ஜீவானந்தத்தை எல்லோரும் கூப்பிட்ட பெயர் அதுவே, அதனால் உடைப்பதற்கு ஒன்றுமில்லை. அண்ணா நகரில் 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய 135 அடிக் கோபுரத்துக்கு முறைப்படி விசுவேசுவரய்யாவின் பெயர். ஊர் அதை டவர் பார்க் என்றே சொல்கிறது. வைக்கப்போகும் பெயரைப் பத்துப் பேரிடம் கொடுத்து 'நண்பருக்குப் போனில் வழி சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் எப்படிச் சுருக்குகிறார்களோ அதுதான் பூங்காவின் வருங்காலப் பெயர்.

ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைப்பதும் சிக்கல். ஒரே நகரத்தில் மூன்று காந்தி பூங்கா இருந்தால் 108 ஆம்புலன்ஸை எதற்கு அனுப்புவது? ஒரே திட்டத்தின் பெயரை நூற்றுக்கணக்கான ஊர்களில் பூங்காக்களுக்கு வைப்பதையும் நான் பெயர் வைத்தலாகக் கருதுவதில்லை, அது திட்டத்துக்கு முத்திரை குத்துவது. கோவை காந்திபுரத்தில் 2025 நவம்பரில் மத்திய சிறை வளாக நிலத்தில் திறந்த பூங்காவுக்கும் செம்மொழிப் பூங்கா என்றே பெயர். மாநாடு நடந்த ஊர் என்பதால் அதற்கு நியாயம் உண்டு. ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டு சிறையாக இருந்த வளாகத்தின் கதை அந்தப் பெயருக்குள் இல்லை என்ற குறை எனக்கு இருக்கிறது. குறைந்தது உள்ளே ஒரு பாதைக்காவது அந்த நினைவைச் சூட்டலாம்.

வாக்கெடுப்பு

இப்போதெல்லாம் இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தலாமே என்பார்கள். பிரிட்டனில் 2016-இல் ஓர் ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டபோது, விளையாட்டாக ஒருவர் சொன்ன 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்ற பெயர் பெருவாரியாக வென்றது. கடைசியில் அரசு அதை ஏற்காமல் டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்தது. வாக்களித்தவர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு, ஏனென்றால் வாக்குக்கு எவ்வளவு மதிப்பு என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவில்லை. பெயர்களைப் பரிந்துரைக்க எல்லோரையும் அழையுங்கள், பள்ளிப் பிள்ளைகளை முதலில் அழையுங்கள். ஒவ்வொரு பெயரோடும் காரணம் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். வெறும் ஆரவாரப் பெயர்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். குழு அதிலிருந்து மூன்று பெயரைப் பொறுக்கி, ஒரு மாதமாவது பூங்கா வாசலில் ஒட்டிவைத்து ஆட்சேபம் கேட்கட்டும். பிறகு பகுதி சபை, மாமன்றம்.

சாதிப் பெயர் பற்றி ஒரு வார்த்தை. தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பின்னொட்டை நீக்கும் ஆணை எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்திலேயே, 1970-களின் இறுதியில் வந்துவிட்டது. புதுப் பலகையில் அதை மறுபடி ஏற்றக் கூடாது, குடும்பத்தார் கேட்டாலும் கூடாது. பராமரிப்புச் செலவை ஏற்கும் நிறுவனத்துக்கும் இதே உறுதி வேண்டும். 'பராமரிப்பு: இன்னார்' என்று தனிப் பலகை வைத்துக்கொள்ளட்டும், பூங்காவின் பெயருக்குள் வரக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தபின் பெயர் அநாதையாகிவிடும்.

இனி, பனகல் அரசருக்கு நேர்ந்த மறதிக்கு மருந்து. பெயரை வைத்த கையோடு வாசல் பலகையில் பெரிய எழுத்தில் தமிழில் பெயரும், அதன்கீழே இரண்டு மூன்று வரியில் பெயர்க்காரணமும் எழுத வேண்டும். மரத்தின் பெயரென்றால் அந்த மரம் எங்கே நிற்கிறது என்று, ஏரியின் பெயரென்றால் பழைய கரை எதுவரை இருந்தது என்று ஒரு சின்ன வரைபடத்தோடு. ஆளின் பெயரென்றால் அவர் இங்கே என்ன செய்தார் என்று. தீர்மானத்தின் எண்ணும் தேதியும் ஓர் ஓரத்தில் இருந்தால், பின்னாளில் யாராவது மாற்ற வரும்போது எதை மாற்றுகிறோம் என்று தெரியும். அதே வாரத்தில் மாநகராட்சியின் பூங்காப் பட்டியலிலும் இணைய வரைபடங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒரே எழுத்துக்கூட்டில் அந்தப் பெயர் ஏற வேண்டும். திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் பெயர்களுக்கான கல்வெட்டைப் பூங்காவின் பெயர்ப் பலகையிலிருந்து தள்ளி வேறு சுவரில் வைத்துக்கொள்ளலாம்.